முன் கண்ணாடியில் மங்கலும் கோடும் இல்லாமல் இருக்க: கிருஷ்ணகிரி, தருமபுரி தண்ணீருக்கும் தூசிக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

மாலை ஐந்து மணிக்குக் கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் பக்கம் வண்டியை விட்டால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். காலையில் துடைத்தபோது பளிச்சென்று இருந்த கண்ணாடியில், அந்த வெயில் பட்டதும் வெள்ளை வெள்ளையாக வட்டங்களும் வளைவுக் கோடுகளும் எழும்பி நிற்கும். தண்ணீரை அடித்து வைப்பரைப் போட்டால் இன்னும் மோசம். ஒரு நொடி எதிரே ஒன்றுமே தெரியாது.

நான் வாட்டர் சர்வீஸ் நடத்துகிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களும், வீட்டிலேயே வண்டி கழுவுகிறவர்களும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். துடைக்கும் வேகத்திலோ கை பலத்திலோ தப்பு இல்லை. எதை முதலில் எடுப்பது, எதைப் பிறகு எடுப்பது என்ற வரிசையில்தான் தப்பு நடக்கிறது. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

1. முதலில் எந்த மங்கல் என்று கண்டுபிடியுங்கள்

கண்ணாடியில் சேர்வது ஒரே அழுக்கு அல்ல. நான்கு வகை உண்டு, நான்குக்கும் மருந்து வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பிரேயை அடிப்பதுதான் பாதிப் பேர் செய்யும் தவறு.

தூசி: கண்ணாடிமேல் சும்மா உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடும்.

எண்ணெய்ப் படலம்: டீசல் புகை, தாரில் இருந்து தெறிப்பது, வாக்ஸ் கலந்த ஷாம்பு எல்லாம் சேர்ந்து உண்டாவது. வைப்பர் போனதும் வானவில் மாதிரி ஒரு பூச்சு தெரிந்து இரண்டு நொடியில் மறைந்தால் அது இதுதான்.

உப்புக் கறை: போர் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளை வளையமாக நிற்கும். கண்ணாடி நனைந்திருக்கும்போது காணாமல் போகும். காய்ந்ததும் திரும்ப வரும்.

உட்புறப் படலம்: வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. எதிர் வண்டி லைட்டைச் சுற்றிப் பஞ்சு போல ஒரு வெளிச்சம் தெரிந்தால் உள்ளே துடைக்க வேண்டும் என்று பொருள்.

எந்தப் பக்கம் என்று சந்தேகமா? ஈர விரலால் வெளியே ஒரு கோடு போடுங்கள், பிறகு உள்ளே ஒரு கோடு போடுங்கள். எந்தக் கோட்டின் வழியாகத் தெளிவாகத் தெரிகிறதோ, அந்தப் பக்கம்தான் படலம் கூடுதலாக இருக்கிறது.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

பாதி வேலையில் துணி தேடி ஓடினால் கண்ணாடி காய்ந்துவிடும், கறை உட்கார்ந்துவிடும். எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

மைக்ரோஃபைபர் துணி ஐந்து. இதில் இரண்டு கண்ணாடிக்கு மட்டும் என்று ஒதுக்கிய, குட்டை இழைத் துணியாக இருக்கட்டும். புசுபுசுவென்ற நீள இழைத் துணி பெயின்ட்டுக்கு நல்லது, கண்ணாடியில் நூல் விடும்.

பக்கெட் இரண்டு. ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றொன்றில் துணி அலசும் தண்ணீர்.

பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் ஒரு பாட்டில். மெடிக்கல், சர்ஜிக்கல் கடைகளில் விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 100 மில்லி. ஸ்பிரே பாட்டில் இரண்டு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன்.

ஆல்கஹாலையும் டிஸ்டில்டு வாட்டரையும் சம அளவில் ஒரு ஸ்பிரே பாட்டிலில் கலந்து, மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். இது சட்டென்று தீப்பற்றும். பீடி, சிகரெட், கற்பூரம் எதுவும் பக்கத்தில் வேண்டாம். காருக்குள் பயன்படுத்தும்போது நான்கு கதவும் திறந்திருக்கட்டும்.

ஆல்கஹால்தானே என்று கை சானிடைசரை எடுக்காதீர்கள். கை வறண்டு போகாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். அது கண்ணாடியில் வழவழப்பாக நின்றுவிடும். கொரோனா சமயத்தில் மிச்சமான சானிடைசரை இப்படித் தீர்க்கப் பார்த்தவர்கள் பலர் என்னிடம் வண்டியைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

செய்தித்தாள் பற்றியும் கேட்பார்கள். வீட்டு ஜன்னலுக்குச் சரி. காரில் மை ஓரத்து ரப்பரிலும் டேஷ்போர்டிலும் ஒட்டும், மூலையில் காகிதம் கிழிந்து நிற்கும். நான் பயன்படுத்துவதில்லை.

3. உங்கள் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்

நம் இரண்டு மாவட்டத்திலும் ஆளுக்கு ஆள் கேட்கும் புகார் உப்புத் தண்ணீர்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இங்குள்ள நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காக வந்தது. கண்ணாடியில் வெள்ளை வளையமாக நிற்பது ஃபுளோரைடு அல்ல, அதே போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து. தண்ணீர் ஆவியாகிப் போகும், சுண்ணாம்பு போகாது.

ஒரு கறுப்புத் தட்டையோ அணைத்து வைத்த பழைய போனையோ வெயிலில் வையுங்கள். போர் தண்ணீர் ஒரு சொட்டு, ஒகேனக்கல் தண்ணீர் ஒரு சொட்டு, ஆர்.ஓ. தண்ணீர் ஒரு சொட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு என்று தள்ளித் தள்ளி விட்டுக் காய விடுங்கள். எந்தச் சொட்டு எவ்வளவு வெள்ளை விடுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். புதுப் பையன்களுக்கு நான் முதல் நாள் காட்டுவது இதைத்தான். பார்த்த பிறகு யாரும் போர் தண்ணீரைக் கண்ணாடியில் காய விடுவதில்லை.

அதற்காக முழு வண்டியையும் குடிநீரில் கழுவச் சொல்லவில்லை. குடிநீரை அப்படி வீணாக்கவும் கூடாது. மேலழுக்கைப் போர் தண்ணீரிலேயே கழுவலாம். கடைசியாகக் கண்ணாடியைத் தொடும் அரை லிட்டர் மட்டும் உப்பில்லாத தண்ணீராக இருந்தால் போதும். மழைத் தண்ணீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வைத்திருந்தால் அதுவும் நன்றாக வேலை செய்யும்.

4. நேரமும் நிழலும்

காலை எட்டு மணிக்கு முன், அல்லது வெயில் இறங்கிய பிறகு. கண்ணாடியைப் புறங்கையால் தொட்டால் சூடு தெரியக் கூடாது. சூடான கண்ணாடியில் சோப்பும் தண்ணீரும் நீங்கள் துடைப்பதற்கு முன்பே காய்ந்துவிடும், கோடு விழுவது அங்கேதான்.

இன்னொரு காரணமும் உண்டு. முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. லாரி டயர் தெறித்த கல்லால் சின்னப் புள்ளி விரிசல் ஏற்கெனவே இருந்தால், சித்திரை வெயிலில் நின்ற கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சும்போது அந்த விரிசல் ஓடிவிடலாம். புள்ளி விரிசல் இருந்தால் அதன்மேல் டேப் ஒட்டி, முதலில் அதைச் சரி செய்யுங்கள். உள்ளே சோப்பு இறங்கிய விரிசலைப் பிசின் வைத்து அடைத்தால் பிடிப்பு நன்றாக வராது.

நிழல் வேண்டும், ஆனால் மாமரத்து நிழல் வேண்டாம். காரணம் ஆறாம் படியில் இருக்கிறது.

5. தூசியைத் தொடாமல் இறக்குங்கள்

இதுதான் அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகும் படி. அவர்கள் கண்ணாடிகளில்தான் சிலந்தி வலை போலக் கீறல் இருக்கும்.

நம் பக்கத்துத் தூசி வெறும் மண் அல்ல. கிரானைட் குவாரியும் கிரஷரும் இருக்கிற ஊர்களில் காற்றிலேயே கல்மாவு இருக்கிறது. கிரானைட்டில் இருப்பது குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6. சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5தான். அதாவது அந்தத் தூசி கண்ணாடியைவிடக் கடினம். உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் உப்புத்தாளால் தேய்ப்பதும் அதுவும் ஒன்று.

ஆகவே முதலில் குழாயை வைத்து மேலிருந்து கீழாகத் தண்ணீர் விடுங்கள். துணியே வேண்டாம். வைப்பருக்குக் கீழே, பானெட் ஓரத்தில் உள்ள கறுப்பு ஜாலியில் மண்ணும் புளிய இலையும் அடைந்திருக்கும். அதைக் கையால் அள்ளி எடுத்துவிட்டு அங்கேயும் தண்ணீர் விடுங்கள். அந்த மண்ணை விட்டுவிட்டால், அடுத்து வைப்பர் போடும்போது அது அப்படியே கண்ணாடிக்கு ஏறும்.

வண்டியில் வைத்திருக்கும் நீள நூல் டஸ்டரைக் கண்ணாடியில் போடாதீர்கள். தூசி ஒட்டுவதற்காக அந்த நூலில் மெழுகு ஏற்றியிருப்பார்கள். பெயின்ட்டுக்குத் தோதாக இருக்கலாம். கண்ணாடியில் அது எண்ணெய் பூசுவதற்குச் சமம். பெட்ரோல் பங்க்கில் ஒரே அழுக்குத் துணியால் பத்து வண்டி துடைத்துக் கொடுப்பதையும் அன்போடு மறுத்துவிடுங்கள்.

6. பூச்சி, மாமரத்துப் பிசுக்கு, எச்சம்

இவை மூன்றையும் தேய்த்து எடுக்க முடியாது. ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இருட்டும் நேரத்தில் நெடுஞ்சாலையில் வந்த வண்டியில் பூச்சி அப்பியிருக்கும். ஒரு பழைய துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பிழியாமல் கண்ணாடிமேல் விரித்துப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு அதே துணியை மெதுவாக இழுத்தாலே பெரும்பாலும் வந்துவிடும். வராத இடத்தில் இன்னொரு முறை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், கம்பி நார் இரண்டையும் வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், பூச்சி போகவில்லை என்று கம்பி நாரால் ஓட்டுநர் பக்கம் ஒரு கையளவு தேய்த்துவிட்டான். அந்தக் கீறல் கடைசி வரை போகவில்லை. வண்டிக்காரருக்குப் புதுக் கண்ணாடிக்கான பணத்தை நான்தான் கொடுத்தேன். அவனைத் திட்டிப் பயனில்லை, ஊற வைக்க வேண்டும் என்று நான் அவனுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

மா பூக்கும் மாதங்களில் மரத்தடியில் நிறுத்திய வண்டியில் கண்ணுக்குத் தெரியாத பிசுபிசுப்பு ஏறும். இதை எல்லோரும் மாம்பிசின் என்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் அது தத்துப்பூச்சி மரத்துச் சாற்றை உறிஞ்சி வெளியேற்றும் இனிப்பு நீர். சர்க்கரைதான் என்பதால் வெதுவெதுப்பான தண்ணீரில் சுலபமாகக் கரையும். விட்டுவைத்தால் அதன்மேல் கரும்பூஞ்சை வளர்ந்து புள்ளி புள்ளியாக நிற்கும். அன்றன்றைக்கே ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது. வெந்நீர் என்றால் கை பொறுக்கும் சூடு, கொதிநீர் அல்ல.

பறவை எச்சத்துக்கும் ஈரத் துணியைப் போட்டு வைப்பதுதான். அதற்குள் மணல் இருக்கும், தேய்த்தால் கீறும்.

ஆயுத பூஜைக்குக் கண்ணாடியில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் காய்ந்தால் இதே வகைதான். பானெட்டின் நடுவிலோ நம்பர் பிளேட்டுக்கு மேலேயோ பொட்டு வைக்கலாம். கண்ணாடியில்தான் வைப்போம் என்றால் மறுநாள் காலை ஊற வைத்து எடுத்துவிடுங்கள்.

7. எண்ணெயை எடுங்கள், உப்பை அப்புறம் பார்க்கலாம்

ஏன் இந்த வரிசை? எண்ணெய்ப் படலம் மேலே மூடியிருந்தால் வினிகர் அதன் அடியில் இருக்கும் உப்பைத் தொட முடியாது. வினிகரை ஊற்றினேன், போகவில்லை என்று சொல்கிறவர்களில் பலர் இந்தப் படியைச் செய்யாதவர்கள்.

அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு. அதற்கு மேல் வேண்டாம், நுரை கூடினால் அலசித் தீராது. துணியை நனைத்து, கண்ணாடியை இடது பாதி, வலது பாதி என்று பிரித்துக்கொண்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். வைப்பர் எட்டாத மேல் மூலைகளையும் விடாதீர்கள். பாத்திரத் திரவம் பெயின்ட் மேல் இருக்கும் வாக்ஸையும் எடுத்துவிடும் என்பதால் பானெட்டில் வழிவதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அலசியதும் ஒரு சோதனை. மேலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாக, கிழியாமல் இறங்கினால் எண்ணெய் போய்விட்டது. திட்டுத் திட்டாகப் பிரிந்து ஓடினால் இன்னும் இருக்கிறது, மறுபடி தேயுங்கள். மழைநீர் ஒட்டாத கோட்டிங் ஏற்கெனவே போட்ட கண்ணாடிக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதில் தண்ணீர் முத்து முத்தாகத்தான் நிற்கும்.

8. உப்புக் கறை

இங்கேதான் பொறுமை வேண்டும்.

கண்ணாடி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஈரமாக இருந்தால் கறை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. சுத்தமான பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழவென்று இருக்கும் இடம்கூடக் கவர் வழியாகச் சொரசொரவென்று தெரியும். அந்த இடங்களை மனதில் வையுங்கள்.

வினிகரையும் டிஸ்டில்டு வாட்டரையும் சம அளவில் கலந்து ஒரு துணியில் ஊற்றி, கறைமேல் ஒட்டி வையுங்கள். ஐந்து நிமிடம். சுண்ணாம்பு அமிலத்தில் கரையும், அவ்வளவுதான் சங்கதி. பிறகு அதே துணியால் தேய்த்து, தண்ணீர் விட்டு, கவர் மாட்டிய கையால் மறுபடி தடவிப் பாருங்கள். கறை குறைந்திருந்தால் இன்னும் இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் கலக்காத வினிகரையே வைக்கலாம். ஒரே தடவையில் அரை மணி நேரம் விடுவதைவிட ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று தடவை வைப்பது நல்லது. வினிகர் ஓரத்து ரப்பரிலும் பெயின்ட்டிலும் காயக் கூடாது. அதனால் சுற்றிலும் முதலிலேயே தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருங்கள், முடிந்ததும் தாராளமாகக் கழுவுங்கள்.

புளி வைத்துத் தேய்க்கலாமா என்று நம் ஊரில் கட்டாயம் கேட்பார்கள். பித்தளைக் குடத்தைப் பளபளக்க வைப்பது புளியில் இருக்கும் அமிலம்தான். ஆனால் புளியில் சக்கையும் சர்க்கரையும் இருக்கிறது. உப்புக் கறை போய்ப் பிசுக்கு வரும். எலுமிச்சையிலும் சர்க்கரை உண்டு. வினிகர் மட்டுமே பின்னால் எதையும் விடாமல் ஆவியாகிப் போகும்.

மூன்று சுற்றுக்குப் பிறகும் நிற்கும் வளையம் பல மாதக் கறை. அது வெறும் சுண்ணாம்பாக இருக்காது, தண்ணீரில் இருந்த சிலிக்காவும் சேர்ந்து இறுகியிருக்கும். அதற்கு அமிலம் எடுபடாது. சீரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி பாலிஷ் வாங்கி, ஈரத் துணியில் தொட்டு, ஒரு கையகல இடமாகத் தேய்க்க வேண்டும். கை வலிக்கும். முழுக் கண்ணாடியையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், ஓட்டுநர் கண்ணுக்கு நேரான பகுதியை முதலில் செய்யுங்கள். பெயின்ட்டுக்கான ரப்பிங் காம்பவுண்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கீறலைக் கறை என்று நினைத்துத் தேய்ப்பதும் உண்டு. நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அது ஆழமான கீறல். எந்தப் பாலிஷும் அதை எடுக்காது. கண்ணுக்கு நேராக இருந்தால் கண்ணாடியை மாற்றுவதுதான் வழி, குறிப்பாகத் தொப்பூர் கணவாயில் இரவில் இறங்குகிறவர்கள் இதைத் தள்ளிப் போடாதீர்கள். அங்கே சரிவில் ஊர்ந்து இறங்கும் லாரியின் பின் விளக்கு ஒரு நொடி தாமதமாகத் தெரிவதும் ஆபத்து.

9. வைப்பர் ரப்பர்

சுத்தமான கண்ணாடியில் அழுக்கு வைப்பரைப் போட்டால் இதுவரை செய்த வேலை முதல் மழையிலேயே போய்விடும். கடைசி அலசலுக்கு முன் இதைச் செய்வதற்குக் காரணம், ரப்பரில் இருந்து வரும் கறுப்பு கண்ணாடியில் சொட்டும்.

வைப்பர் கையைத் தூக்குவதற்கு முன் கண்ணாடிமேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போடுங்கள். தூக்கிய கை தவறி விழுந்தால் அந்த அடியில் கண்ணாடியே உடையலாம். சில வண்டிகளில் பானெட் இடிப்பதால் வைப்பரை நேராகத் தூக்க முடியாது, அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவரும் முறை வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பலவந்தமாகத் தூக்காதீர்கள்.

ஆல்கஹால் கலவையைத் துணியில் நனைத்து ரப்பரின் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுங்கள். முதல் இழுப்பில் துணி கரியாகும். கறுப்பு நன்றாகக் குறையும் வரை நான்கைந்து முறை. பிறகு விளிம்பை விரலால் தடவுங்கள். பல் பல்லாகவோ விறைத்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஒரு வருடத்துக்கு மேல் ரப்பர் தாங்குவது அபூர்வம். மழைக்காலம் ஆரம்பிப்பதற்கு முன் மாற்றுவது என் வழக்கம். வெறும் ரப்பர் மட்டும் கிடைத்தாலும் சரி, பிளேடாக மாற்றினாலும் சரி, பழைய அளவையே போடுங்கள்.

உலர்ந்த தூசிக் கண்ணாடியில் வைப்பரை ஒருபோதும் போடாதீர்கள். காரணம் ஐந்தாம் படியில் சொன்ன கல்மாவுதான்.

10. கடைசி அலசலும் இரண்டு துணியும்

இப்போது உப்பில்லாத தண்ணீரை ஸ்பிரேயில் எடுத்து முழுக் கண்ணாடியிலும் அடியுங்கள். முதல் துணியால் மேலிருந்து கீழாக, ஒரு வரிசைமேல் அடுத்த வரிசை கொஞ்சம் ஏறும்படி துடையுங்கள். இந்தத் துணியின் வேலை ஈரத்தை எடுப்பது மட்டும். லேசான ஈரம் மிச்சம் இருக்கும்போதே, முற்றிலும் உலர்ந்த இரண்டாவது துணியால் மறுபடி துடையுங்கள்.

ஒரே துணியால் இரண்டையும் செய்ய முயல்வதுதான் கோடு விழக் காரணம். நனைந்த துணி தண்ணீரை எடுக்காது, இழுத்துப் பரப்பும். துணியை நான்காக மடித்து, ஒரு பக்கம் நனைந்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். எட்டு பக்கம் கிடைக்கும், ஒரு கண்ணாடிக்கு அது போதும்.

வெளிப்புறத்தைச் செங்குத்தாகவே துடையுங்கள். உட்புறத்தைக் கிடைமட்டமாகத் துடைக்கப் போகிறோம். பிறகு ஏதாவது கோடு தெரிந்தால், அதன் திசையை வைத்தே உள்ளேயா வெளியேயா என்று சொல்லிவிடலாம். மழைநீர் ஒட்டாத கோட்டிங் போட விருப்பமென்றால் இந்தப் படிக்குப் பிறகுதான் போட வேண்டும். உப்பின்மேலோ எண்ணெயின்மேலோ போட்டால் வைப்பர் தடதடவென்று குதிக்கும்.

11. உட்புறம்

வெளியே முடித்த பிறகே உள்ளே வர வேண்டும். அப்போதுதான் இன்னும் தெரியும் மங்கல் உள்ளே இருப்பது என்று சந்தேகமில்லாமல் தெரியும்.

யாரும் புகை பிடிக்காத வண்டியிலும் உள்ளே படலம் வரும். வெயிலில் டேஷ்போர்டு சூடாகும்போது அந்தப் பிளாஸ்டிக்கில் இருந்து ஆவி கிளம்பிக் கண்ணாடியில் படியும். புது வண்டியில் இது இன்னும் அதிகம். டேஷ்போர்டில் பளபளப்புப் பாலிஷ் போட்டால் அதுவும் சேரும், வெயிலில் டேஷ்போர்டின் பிம்பம் கண்ணாடியில் விழுந்து கண்ணும் கூசும். டேஷ்போர்டு துடைப்பதாக இருந்தால் கண்ணாடிக்கு முன்பே, பாலிஷ் இல்லாத வெறும் ஈரத் துணியால் துடைத்து முடித்துவிடுங்கள்.

ஆல்கஹால் கலவையைத் துணியில் அடியுங்கள், கண்ணாடியில் நேராக அடிக்காதீர்கள். வழிந்தால் ஏசி காற்று வரும் துளை, ஸ்பீக்கர், ஒயரிங் என்று எங்கெங்கோ இறங்கும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் மேலும், அதன் ஓரத்திலும் ஈரம் படாமல் ஒரு விரல் தள்ளித் துடையுங்கள். ஓரம் பெயர்ந்தால் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நின்று பதில் சொல்ல வேண்டிவரும். கண்ணாடிக்கு நடுவே கேமரா, மழை சென்சார் இருக்கும் வண்டிகளில் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். பக்கக் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அங்கே இந்தக் கலவையும் வேண்டாம், அமோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரேயும் வேண்டாம். வெறும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

ஓட்டுநர் இருக்கையில் ஸ்டீயரிங் இடிக்கும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தொடங்குங்கள். கண்ணாடி டேஷ்போர்டைச் சந்திக்கும் கீழ் மூலைக்குக் கை எட்டாது. உள்ளங்கை மேலே பார்க்க, புறங்கையை டேஷ்போர்டில் வைத்துத் துணியைத் தள்ளினால் எட்டும். அப்படியும் எட்டாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

வரிசை இது: ஆல்கஹால் துணியால் ஒரு முறை, டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை. முதல் துணி படலத்தைக் கரைக்கிறது, ஆனால் கொஞ்சம் பரப்பியும் விடுகிறது. நடுவில் உள்ள ஈரத் துணிதான் அதை எடுக்கிறது. பெரும்பாலானவர்கள் விடுவது அந்த நடுப்படியைத்தான். முடிந்ததும் வாயால் ஊதிப் பாருங்கள். மூச்சு ஒரே சீராகப் படிந்து சீராக மறைந்தால் சுத்தம். விரல் தடமும் கோடும் தெரிந்தால் இன்னொரு சுற்று.

மார்கழிக் காலையில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு இந்த வேலை இன்னும் முக்கியம். படலம் இருக்கும் கண்ணாடியில் ஆவி அதிகமாகப் பிடிக்கும். அதற்காக ஷாம்பு, உருளைக்கிழங்கு என்று தேய்க்கும் வைத்தியங்கள் வெயில் வந்ததும் கோடாக நிற்கும். ஆவி பிடித்தால் ஏசியை ஓட விட்டு, வெளிக்காற்று வரும் நிலையில் வைத்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். கையால் துடைக்காதீர்கள், கைரேகையின் எண்ணெய் அங்கேயே நிற்கும்.

பின் கண்ணாடியில் சிவப்புக் கோடு போல ஓடும் சூடேற்றும் கம்பிகள் இருந்தால், அந்தக் கோடுகள் ஓடும் திசையிலேயே மெதுவாகத் துடையுங்கள். குறுக்கே சுரண்டினால் அறுந்துவிடும்.

12. வாஷர் தொட்டி

பானெட்டைத் திறந்தால் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் படம் போட்ட மூடி இருக்கும். அதுதான் வாஷர் தொட்டி. பக்கத்திலேயே பச்சை அல்லது ரோஸ் நிற நீர் தெரியும் தொட்டி, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்கானது. இரண்டையும் மாற்றிச் சோப்புத் தண்ணீரைக் கூலன்ட்டில் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். செலவு பெரிது. அப்படி ஊற்றிவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வாஷர் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றினால், ஒவ்வொரு முறை பீய்ச்சும்போதும் எட்டாம் படி வேலையை நீங்களே திரும்ப உண்டாக்குகிறீர்கள். ஆர்.ஓ. தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றி, கடையில் விற்கும் வாஷர் திரவத்தை அதன் லேபிளில் சொன்ன அளவு கலங்கள். துணி சோப்புத் தூளும் தலை ஷாம்புவும் போடாதீர்கள். நுரை காய்ந்து படலமாகும், துளையும் அடைக்கும். துளை அடைத்திருந்தால் மெல்லிய குண்டூசியால் லேசாகக் குத்தினால் திறக்கும்.

13. துணியைத் துவைப்பது

கண்ணாடித் துணியைத் தனியாகத் துவையுங்கள். டயர், டேஷ்போர்டு துடைத்த துணியோடு சேர்த்தால் அவற்றின் பாலிஷில் இருக்கும் சிலிகான் இதில் ஏறி அடுத்த வாரம் கண்ணாடிக்கு வரும். திரவ சோப்பு கொஞ்சம் போதும். துணி மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம், அது இழைமேல் ஒரு பூச்சுப் பூசிவிடும். பிறகு துணி தண்ணீரையே குடிக்காது. பருத்தித் துணியோடு சேர்க்காதீர்கள், பஞ்சு ஒட்டும். நிழலில் காய வைத்து, மூடிய பெட்டியில் வையுங்கள். வெளியே தொங்கவிட்டால் ஐந்தாம் படித் தூசி அதில் ஏறும். கீழே மண்ணில் விழுந்த துணி அன்றைக்குக் கண்ணாடிக்கு ஆகாது.

14. எத்தனை நாளுக்கு ஒருமுறை

வாரம் ஒருமுறை ஐந்தாம், பத்தாம் படிகள். மாதம் ஒருமுறை ஏழு, ஒன்பது, பதினொன்று. உப்புக் கறைக்கான எட்டாம் படி, கவர் மாட்டிய விரலுக்குச் சொரசொரப்புத் தெரிந்தால் மட்டும். அதை வழக்கமாகச் செய்ய வேண்டி வருகிறது என்றால் எங்கோ போர் தண்ணீர் காய்கிறது. பெரும்பாலும் வாட்டர் வாஷுக்குப் பிறகு துடைக்காமல் வெயிலில் நிறுத்துவதுதான் காரணம். வெளியில் வாஷுக்கு விட்டால், முன் கண்ணாடியை மட்டும் நானே துடைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, உங்கள் துணியையும் ஸ்பிரேயையும் எடுத்துக்கொண்டு அங்கேயே துடைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.

கதவுப் பையில் ஒரு உலர்ந்த துணியும் டிஸ்டில்டு வாட்டர் ஸ்பிரேயும் எப்போதும் இருக்கட்டும். ஆல்கஹால் கலவையை மட்டும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைக்க வேண்டாம், அது வீட்டிலேயே இருக்கட்டும். தொலைதூரம் போகும்போது டீ குடிக்க நிறுத்துகிற இடத்தில் பூச்சிமேல் ஸ்பிரே அடித்துவிட்டுப் போய் டீயைக் குடியுங்கள். திரும்பி வரும்போது ஊறியிருக்கும்.